ஐடிஇ அப்டேட்: உடனே போடுவதா, பொறுப்பதா, அப்படியே விட்டுவிடுவதா?

கோட் எழுதவும் ஓட்டிப் பார்க்கவும் பயன்படும் மென்பொருளான ஐடிஇ-யைத் திறந்ததும் மூலையில் "புதிய பதிப்பு தயார், ரீஸ்டார்ட் செய்யவா?" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். இந்த இடத்தில் புரோகிராமர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி அந்த பட்டனை அழுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். இன்னொரு கட்சி, ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டு ஒன்றரை வருடம் பழைய பதிப்பிலேயே ஓட்டும். இருவருக்குமே ஒரு நாள் அடி விழும். முதல் கட்சிக்கு அவசரமாக ரிலீஸ் போக வேண்டிய நாளில் விழும், இரண்டாவது கட்சிக்கு வேறு வழியே இல்லாமல் ஐந்தாறு பதிப்புகளை ஒரே மூச்சில் தாண்டியாக வேண்டிய நாளில் விழும்.

என் கட்சி இரண்டும் இல்லை. புதுப் பதிப்பில் என்னென்ன வசதி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அது எதைத் தொடுகிறது என்று பார்ப்பேன். நான் பார்க்கிற திரையை மட்டும் மாற்றுகிறதா, இல்லை ப்ராஜெக்ட் கோப்புகளுக்குள்ளும் பில்டுக்குள்ளும் (கோடைச் செயலியாகக் கட்டும் வேலை) கை நீட்டுகிறதா? முதல் வகை என்றால் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம், பிடிக்கவில்லையென்றால் பழையதற்குத் திரும்பிவிடலாம், பக்கத்து சீட்காரருக்குக்கூடத் தெரியப் போவதில்லை. இரண்டாவது வகை என்றால் அது என் தனிப்பட்ட முடிவே கிடையாது, டீம் மொத்தமும் ஒரே நாளில் எடுக்க வேண்டிய முடிவு. இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு ஐடிஇ-க்கும் பதில் வேறு வேறாக வருகிறது, அதனால்தான் "எப்போதும் லேட்டஸ்ட் போடு" என்பதும் "எப்போதும் ஒரு பதிப்பு பின்னாலேயே இரு" என்பதும் எனக்கு ஒத்துவருவதில்லை.

விஎஸ் கோட்: ஆள் சாதுதான், கூட வருகிறவர்கள்தான் பிரச்சினை

2015-ல் அறிமுகமாகி 2016 ஏப்ரலில் 1.0 ஆன மைக்ரோசாஃப்டின் எடிட்டர் விஎஸ் கோட், அதிலிருந்து பல வருடங்களாக மாதத்துக்கு ஒரு பதிப்பு என்றுதான் வந்திருக்கிறது. அடிக்கடி வருவதால் ஒவ்வொன்றிலும் மாறுவது கொஞ்சம்தான். அதற்கென்று சொந்தமான ப்ராஜெக்ட் வடிவம் எதுவும் கிடையாது, ஒரு ஃபோல்டரைத் திறக்கிறது, அவ்வளவுதான். நீங்களாகக் கேட்டால் ஒரு சின்ன செட்டிங்ஸ் ஃபோல்டரை உள்ளே வைக்கும். ஆக என் கேள்விப்படி இது பெரும்பாலும் முதல் வகை, தானாக அப்டேட் ஆகட்டும் என்று விட்டுவிடலாம்.

நல்ல அப்டேட் எப்படி இருக்கும் என்பதற்கு 2021 ஆகஸ்ட் பதிப்பாக வந்த 1.60 ஒரு உதாரணம். அடைப்புக்குறிகளுக்கு ஜோடி ஜோடியாக நிறம் கொடுக்கும் வசதிக்கு அதுவரை எல்லோரும் ஒரு எக்ஸ்டென்ஷனை, அதாவது எடிட்டரோடு சேர்த்துப் போடும் துணை நிரலைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், பெரிய கோப்பைத் திறந்தால் அது திணறும். எக்ஸ்டென்ஷன் வெளியே இருந்துகொண்டு முழுக் கோப்பையும் திரும்பத் திரும்பப் படித்தாக வேண்டும், எடிட்டருக்குள் இருக்கும் தகவல் அமைப்பைத் தொட அதற்கு வழி இல்லை. அதே வேலையை எடிட்டரின் உள்ளேயே எழுதியபோது பத்தாயிரம் மடங்கு வரை வேகம் என்று அந்த டீமே அறிவித்தது. இந்த மாதிரி அப்டேட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். போட்டுவிட்டு, அந்த எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பல பேர் இன்னும் கழற்றாமல் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறார்கள் என்பது வேறு கதை.

ஆனால் சாதுவும் ஒரு நாள் மிரளும். 2024 தொடக்கத்தில் வந்த 1.86-ஐப் போட்ட பலருக்கு, காலையில் வழக்கம்போல எஸ்எஸ்ஹெச் (தொலைவில் இருக்கும் கணினியில் இணையும் முறை) வழியாக சர்வரில் இணையப் போனால் இணைப்பே கிடைக்கவில்லை. காரணம் அவர்கள் லேப்டாப்பில் இல்லை. ரிமோட்டில் வேலை செய்யும்போது விஎஸ் கோட் தன் பாதி உடம்பை அந்த சர்வரில் போய் நிறுவிக்கொள்ளும். அந்தப் பாதிக்குள் இருக்கும் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) புதிய பதிப்புக்கு மாறியதால், சர்வரில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28-ஆவது இருந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. உபுண்டு 18.04-ல் இருப்பது 2.27. சென்ட்ஓஎஸ் 7-ல் 2.17. ஆக, லேப்டாப்பில் ஒரு எடிட்டர் அப்டேட் ஆனதற்கு, யாரும் தொடாத சர்வர் ஒன்று பழையதாகிப்போனது. கூச்சல் பலமாக எழவே, சில நாட்களிலேயே பேட்ச் விட்டு, எச்சரிக்கையைக் காட்டியபடி இன்னும் 12 மாதம் இணைய அனுமதித்தார்கள். பிறகு 2025-ல் 1.99-உடன் அந்தச் சலுகையும் முடிந்தது. இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, அந்த மாற்றம் ஒளித்து வைக்கப்பட்டது இல்லை. ரிலீஸ் நோட்ஸில் இருந்ததுதான். ஆனால் நாம் படிப்பது மேலே இருக்கும் அனிமேஷன் படங்களை மட்டும், கீழே "எவை நீக்கப்பட்டன", "குறைந்தபட்சத் தேவை" என்று இருக்கும் பகுதிக்கு யார் போகிறார்கள்? நான் இப்போதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குவேன், புது வசதிகள் எங்கும் ஓடிப்போகாது.

ஆகவே பழைய சர்வர்களில் வேலை செய்கிறவர் என்றால் அப்டேட் மோடை "மேனுவல்" என்று மாற்றி வைத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. புதுசைத் தொட்டுப் பார்க்க ஆசை, ஆனால் வேலைக்குப் பயன்படுத்துவதில் கை வைக்க பயம் என்றால் இன்சைடர்ஸ் என்ற முன்னோட்டப் பதிப்பு தனியாக, பக்கத்திலேயே, தனி செட்டிங்ஸோடு நிற்கும். விண்டோஸில் ஜிப் கோப்பையும் லினக்ஸில் டார் கோப்பையும் பிரித்து அதற்குள் "டேட்டா" என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கினால் செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன் எல்லாமே அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு பதிப்பை அப்படியே உறைய வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்டென்ஷன் அப்டேட்டுகள்தான் உண்மையான தலைவலி, அதைப்பற்றிப் பேசுவோர் குறைவு. எடிட்டர் ஒரு கால அட்டவணைப்படி மாறினால், எக்ஸ்டென்ஷன்கள் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், அவையும் தானாகவே இறங்கும், அவை ஓடுவது உங்கள் கணினியில் உங்களுக்கு இருக்கும் அதே உரிமைகளோடு. 1.57-ல் "இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா" என்ற கேள்வி வந்தது, 1.97-ல் முதல் முறை ஒரு வெளியீட்டாளரின் எக்ஸ்டென்ஷனைப் போடும்போது "இவரை நம்புகிறீர்களா" என்ற கேள்வியும் சேர்ந்தது. இரண்டுக்குமே நாம் படிக்காமல் "ஆம்" சொல்லிவிடுகிறோம். கோடை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர், பிழை தேடும் லின்ட்டர் மாதிரி கோடையே மாற்றி எழுதுகிற எக்ஸ்டென்ஷன்கள் என் கணக்கில் இரண்டாவது வகை. ஒருவருக்கு அப்டேட் ஆகி இன்னொருவருக்கு ஆகாமல் இருந்தால், ஒரே கோப்பை இருவரும் மாறி மாறி சேவ் செய்து, கமிட்டில் (பதிவு செய்யும் மாற்றத் தொகுப்பில்) வெறும் இடைவெளி மாற்றங்களே நூறு வரிக்கு நிற்கும். அவற்றுக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, "குறிப்பிட்ட பதிப்பை நிறுவு" என்ற வசதியால் டீம் மொத்தமும் ஒரே எண்ணில் நிற்பது நல்லது.

விஎஸ் கோடிலிருந்து கிளை பிரிந்த எடிட்டர்கள், கர்சர், விண்ட்சர்ஃப் போன்றவை, இந்த விஷயத்தில் ஒரு படி கூடுதல் சிக்கல். மூலத்தில் வரும் திருத்தம் அங்கே வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும், அதோடு மைக்ரோசாஃப்டின் சில எக்ஸ்டென்ஷன்களின் உரிமம் அவர்கள் வெளியிடும் எடிட்டருக்கு மட்டும்தான். 2025-ல் சி++ எக்ஸ்டென்ஷன் கிளை எடிட்டர்களில் ஓட மறுத்தபோதுதான் பலருக்கு அந்த உரிம வரி கண்ணில் பட்டது.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ: இரண்டு முடிவுகள், ஒரே பெட்டிக்குள்

நான் சொன்ன வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வேறில்லை. ஆர்க்டிக் ஃபாக்ஸ், பம்பிள்பீ, சிப்மங்க் என்று அகர வரிசையில் விலங்குப் பெயர்களோடு வரும் இந்த ஐடிஇ-யில், ஸ்டூடியோவின் பதிப்பு ஒன்று, ப்ராஜெக்ட்டை பில்ட் செய்யும் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளக்இன் பதிப்பு வேறொன்று. புதிய ஸ்டூடியோ, பழைய ப்ளக்இன் வைத்திருக்கும் ப்ராஜெக்ட்டைத் திறந்துகொள்ளும். பழைய ஸ்டூடியோ, புதிய ப்ளக்இன் வைத்திருப்பதைத் திறக்காது. இந்த ஒருவழிப் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நடப்பது இதுதான். ஸ்டூடியோவை அப்டேட் செய்து ப்ராஜெக்ட்டைத் திறக்கிறீர்கள். ப்ராஜெக்ட் அமைப்பைப் படித்துக்கொள்ளும் சிங்க் முடிந்ததும் வலது மூலையில் ஒரு அறிவிப்பு வரும், "ப்ராஜெக்ட்டை அப்டேட் செய்யப் பரிந்துரைக்கிறோம், கிரேடில் ப்ளக்இனை உயர்த்தலாம்" என்று. நீல எழுத்தில் ஒரு இணைப்பு. அதை அழுத்தினால் அப்கிரேட் அசிஸ்டன்ட் வந்து பில்ட் கோப்பில் ஒரு எண்ணை மாற்றும், கிரேடில் ராப்பர் கோப்பில் இன்னொரு எண்ணை மாற்றும், சில சமயம் கிரேடில் ப்ராப்பர்டீஸில் பழைய நடத்தையைக் காப்பாற்ற ஓரிரு வரிகளைச் சேர்க்கும். உங்கள் கணினியில் பில்ட் ஓடும். நீங்களும் கமிட் செய்துவிட்டுப் போய்விடுவீர்கள். மறுநாள் அதை இழுத்துக்கொண்ட சக ஊழியருக்கு, "இந்த ப்ராஜெக்ட் ஒத்துவராத ப்ளக்இன் பதிப்பைப் பயன்படுத்துகிறது, உங்களிடம் ஆதரிக்கப்படும் அதிகபட்சப் பதிப்பு இதுதான்" என்று சிவப்பில் ஒரு வரி வரும், சிங்க் அங்கேயே நின்றுவிடும். அவருக்கு இருக்கும் வழி இரண்டு: அவரும் இப்போதே ஸ்டூடியோவை மாற்ற வேண்டும், அல்லது உங்கள் கமிட்டைத் திருப்ப வேண்டும்.

டீமின் கோடைத் தானாகக் கட்டும் பில்ட் சர்வர் இன்னும் மோசம், அது யாரிடமும் புலம்பாது, பொட்டென்று விழுந்துவிடும். 2023-ல் ப்ளக்இன் 8.0 வந்தபோது பில்ட் ஓட ஜாவா 17 வேண்டும் என்றானது. லேப்டாப்பில் அப்போதைய ஸ்டூடியோவே தன்னுடன் ஜாவா 17-ஐக் கொண்டுவந்துவிட்டதால் அங்கே எதுவும் தெரியவில்லை. சர்வரில் ஜாவா 11 இருந்தால் "17 தேவை, நீங்கள் 11 பயன்படுத்துகிறீர்கள்" என்று பில்ட் நிற்கும்.

அதனால் என் தீர்ப்பு: ஸ்டூடியோவை வந்தவுடன் அப்டேட் செய்யுங்கள், பயமே வேண்டாம். அந்த நீல இணைப்பை மட்டும் தனியாளாக அழுத்தாதீர்கள். அதற்கென்று ஒரு தனி ப்ராஞ்ச் (கோடின் கிளை), சர்வரிலும் ஓடிப் பார்த்த பில்ட், எல்லோருக்கும் ஒரு செய்தி, அப்புறம் மூலத்தோடு மெர்ஜ். புது வசதிகளை முன்கூட்டியே பார்க்க வேண்டுமென்றால் கேனரி பதிப்பை நிலையான பதிப்புக்குப் பக்கத்திலேயே நிறுவலாம், இரண்டும் சண்டை போடாது. அதில் திறப்பது ப்ராஜெக்ட்டின் தனி நகலாக இருக்கட்டும்.

இன்டெலிஜே குடும்பம்

2001-ல் தொடங்கிய, ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் ஐடிஇ-யான இன்டெலிஜேவும் அதன் தம்பி தங்கைகளான பைசார்ம், வெப்ஸ்டார்ம் எல்லாமும் வருடத்துக்கு மூன்று பெரிய பதிப்புகள் விடுகின்றன. 2024.1, 2024.2, 2024.3 என்று போகும், நடுவில் 2024.2.1 மாதிரித் திருத்தப் பதிப்புகள் வரும். மூன்றே முறை என்பதால் ஒவ்வொன்றும் கனமானது. அடிக்கடி சின்னச் சின்னதாக மாறும் விஎஸ் கோடைப்போல இதை நடத்த முடியாது. ஒரே பதிப்பில் தோற்றம், இண்டெக்ஸிங், மொழி ஆதரவு எல்லாம் சேர்ந்து மாறியிருக்கும்.

ஆனால் திரும்பி வருகிற பாதையை இவர்கள் மாதிரி யாரும் சுத்தமாகப் போட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் செட்டிங்ஸ் ஃபோல்டர் தனி. புதியது பழையதிலிருந்து செட்டிங்ஸை நகலெடுத்துக்கொள்ளும், பழையதைத் தொடாது. டூல்பாக்ஸ் செயலி வைத்திருந்தால் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் ஒரே க்ளிக்கில் பின்னால் போகலாம். வட்டில் இடம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஹெல்ப் மெனுவில் மிச்சம் மீதி ஃபோல்டர்களை நீக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதை வருடத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

இங்கே பெரிய சண்டை தோற்றத்தைப் பற்றித்தான் நடந்தது. புதிய யூஐ 2022-ல் முன்னோட்டமாக வந்து, விருப்பத் தேர்வாக இருந்து, 2024.2-ல் எல்லோருக்கும் இயல்பானதாக்கப்பட்டது. பழைய தோற்றம் ஒரு ப்ளக்இன் ஆகிப்போனது. மெனு எங்கே, அந்த பட்டன் எங்கே என்று தேடி எரிச்சலடைந்தவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் அது கை பழகுகிற விஷயம். ஷார்ட்கட்டை நம்பி வேலை செய்கிறவருக்கு ஒரு வாரத்தில் மறந்துவிடும், மவுஸை நம்புகிறவருக்குத்தான் கூடுதல் நாள் பிடிக்கும். ப்ராஜெக்ட்டைத் தொடாத மாற்றம் என்பதால் அதற்காக ஒரு பதிப்பையே ஒதுக்கி வைப்பது வீண்.

அதைவிட நான் கூர்ந்து பார்த்தது 2025.1-ல் கோட்லின் மொழிக்கு கே2 என்ற புதிய பகுப்பாய்வு முறை இயல்பாக்கப்பட்டதைத்தான். கோடைப் பகுத்துப் பார்க்கும் அடிப்படையே மாறியது. பலன், பெரிய கோட்லின் கோப்புகளில் வேகம். விலை, கே2-வை ஆதரிப்பதாக அறிவிக்காத வெளியார் ப்ளக்இன்கள் அங்கே ஏறவே ஏறாது. ஆக உங்கள் டீம் கோட்லினுக்கென்று நம்பியிருக்கும் ப்ளக்இன்களின் பட்டியலை முதலில் பாருங்கள், எல்லாம் பச்சை என்றால் மாறுங்கள். மற்றபடி இந்தக் குடும்பத்தில் என் பழக்கம், மூன்றாவது எண் ஒன்று வரும்வரை, அதாவது 2025.1 வந்தால் 2025.1.1 வரும்வரை, பொறுப்பது. முதல் அலையில் கிளம்பும் குறைகளில் பெரியவை அதற்குள் சரியாகிவிடும். புதியதில் முதல் தடவை ப்ராஜெக்ட்டைத் திறந்ததும் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) என்ன மாறியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஐடிஇ தன் ப்ராஜெக்ட் செட்டிங்ஸை வைக்கும் .ஐடியா ஃபோல்டரில் புதிதாக ஒரு கோப்போ, வரிசை மாறிய ஒரு எக்ஸ்எம்எல்லோ நின்றால் அதைத் தெரியாத்தனமாக கமிட் செய்துவிட வேண்டாம்.

சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் இந்த முடிவோடு சேர்ந்ததுதான். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால், அந்த 12 மாதம் தொடங்கியபோது இருந்த பதிப்பு உங்களுக்கு நிரந்தரமாகக் கிடைக்கும். 2015-ல் சந்தா முறைக்கு மாறப்போவதாக அறிவித்து, பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு வந்த ஏற்பாடு இது. எனவே சந்தா முடிந்தால், இருக்கிற புதுப் பதிப்பிலிருந்து ஒரு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும். புது வசதி ஒன்றை நம்பி ப்ராஜெக்ட்டை அமைத்திருந்தால் அப்போது தெரியும். 2025.3-லிருந்து கம்யூனிட்டி, அல்டிமேட் என்ற இரண்டு நிறுவிகள் ஒன்றாகிவிட்டன, சந்தா இல்லாதவருக்கு அடிப்படை வசதிகள் அதிலேயே இலவசம்.

விஷுவல் ஸ்டூடியோ, எக்லிப்ஸ், எக்ஸ்கோட்

விஷுவல் ஸ்டூடியோ ஒன்றுதான் "நான் அசைய மாட்டேன்" என்கிறவருக்கு முறையான இடம் கொடுக்கிறது. 2022 பதிப்பில் நடப்பு சேனல் ஒன்று, நீண்டகால ஆதரவு சேனல் ஒன்று. நீண்டகாலத்தில் இருந்தால் 18 மாதம் வரை புது வசதி எதுவும் வராது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ப்ரொஃபஷனல், எண்டர்பிரைஸ் உரிமம் இருந்தால்தான் இந்தச் சேனல், கம்யூனிட்டி பதிப்புக்காரர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்த வரிசையின் கடைசிப் பதிப்பான 17.14-க்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. 2025 நவம்பரில் வந்த விஷுவல் ஸ்டூடியோ 2026-ஐ 2022-க்குப் பக்கத்திலேயே நிறுவலாம் என்பதால் "மாறுவதா வேண்டாமா" என்ற கேள்வியே கொஞ்சம் தேவையற்றது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கவனம் வேண்டியது, பல ப்ராஜெக்ட்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் சொல்யூஷன் கோப்பில். டாட்நெட் 10-ல் புதிதாக உருவாக்கினால் பழைய .எஸ்எல்என்-க்குப் பதில் எக்ஸ்எம்எல் வடிவிலான .எஸ்எல்என்எக்ஸ் தான் இயல்பாக வரும். கிட்டில் மெர்ஜ் செய்ய அது எவ்வளவோ மேல், பழையதில் இருந்த அந்த நீளநீளமான அடையாள எண்களின் குப்பை இல்லை. ஆனால் விஷுவல் ஸ்டூடியோ 2019-ல் ஒருவர் மிச்சமிருந்தால் அவரால் திறக்க முடியாது.

எக்லிப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்பு வருடம் ஒருமுறை ஜூனில் யூரோப்பா, ஜூனோ, நியான் மாதிரிப் பெயர்களோடு வந்துகொண்டிருந்தது, 2018-லிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, பெயரும் 2018-09 மாதிரி தேதியாகிவிட்டது. புதியதைத் தனி ஃபோல்டரில் பிரித்து வையுங்கள், வொர்க்ஸ்பேஸை (ப்ராஜெக்ட்களும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டர்) மட்டும் நகலெடுத்துவிட்டுத் திறங்கள், ஏனென்றால் புதியது தொட்ட வொர்க்ஸ்பேஸைப் பழையதில் திறக்கப் போனால் அது எச்சரிக்கும், அந்த எச்சரிக்கை சும்மா இல்லை. எக்லிப்ஸ் ஓடத் தேவையான ஜாவாவும் உங்கள் ப்ராஜெக்ட்டின் ஜாவாவும் வேறு வேறு. 2022-09-ல் எக்லிப்ஸுக்கு ஜாவா 17 வேண்டும் என்றானதற்காக, ஜாவா 8-ல் இருக்கும் ப்ராஜெக்ட்டை மாற்ற வேண்டியதில்லை.

ஆப்பிளின் எக்ஸ்கோடில் முடிவு எடுக்கும் உரிமை உங்களிடம் பாதிதான் இருக்கிறது. 2025 ஏப்ரல் 24-லிருந்து ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் செயலிகள் எக்ஸ்கோட் 16 அல்லது அதற்குப் பிந்தையதில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள், எக்ஸ்கோட் 16-க்கு மேக்ஓஎஸ் 14.5 வேண்டும், ஆக மேக் பழையது என்றால் கதை அங்கேயே முடிந்தது. அதில் புதிதாக உருவாக்கிய ப்ராஜெக்ட்டை எக்ஸ்கோட் 15-ல் திறந்தால் "எதிர்கால வடிவம் 77" என்று சொல்லி மறுத்துவிடும். எதிர்காலமாம்! பக்கத்து மேஜையில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் சொல்கிறது. இங்கே காத்திருப்பதில் லாபம் இல்லை. பழையதை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கெடு தேதிக்கு ஓரிரு மாதம் முன்பே டீமாக மாறுவதுதான் வழி.

ஏஐ வசதிகள் இந்தக் கணக்கில் எங்கே வரும்?

இப்போது எந்த ரிலீஸ் நோட்ஸைத் திறந்தாலும் முக்கால்வாசி இதுதான். 2025 ஏப்ரலில் விஎஸ் கோடின் நிலையான பதிப்பில் ஏஜென்ட் முறை எல்லோருக்கும் வந்தது. "இந்தப் பிழையைச் சரி செய்" என்றால் அதுவே கோப்புகளைத் தேடும், திருத்தும், டெர்மினலில் டெஸ்ட் ஓட்டும், தோற்றால் மறுபடி திருத்தும். ஜெட்பிரெய்ன்ஸ் பக்கம் 2024.1-ல் முழு வரியை நிரப்பும் வசதி வந்தது, அது ஓடுவது உங்கள் கணினியிலேயே, கோட் வெளியே போவதில்லை.

இந்த இரண்டையும் ஒரே "ஏஐ" என்ற வார்த்தையில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கணினிக்குள்ளேயே ஓடும் மாடல் அந்தப் பதிப்போடு உறைந்திருக்கும். ஐடிஇ-யை அப்டேட் செய்யாதவரை அதன் நடத்தை மாறாது. கிளவுடில் ஓடுவது அப்படியில்லை. நீங்கள் ஐடிஇ-யை ஒரு வருடம் தொடாமல் வைத்திருந்தாலும் மறுமுனையில் மாடல் மாறும், விதிமுறை மாறும், நேற்று சரியாகச் செய்ததை இன்று வேறு மாதிரிச் செய்யும். ஆக "பதிப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம், எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்ற நிம்மதி இந்த இடத்தில் செல்லாது. ஏஜென்ட் முறை என் அளவுகோலில் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது வகை, ப்ராஜெக்ட்டுக்குள் எழுதுவதுதானே அதன் வேலையே. நல்லவேளையாக அது எழுதுவதெல்லாம் கிட்டில் தெரியும். வரிக்கு வரி பார்க்கும் பழக்கம் இருந்தால் பயமில்லை. நான் திறக்காமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று, டெர்மினல் கட்டளைகளைக் கேட்காமலே ஓட்ட அனுமதிக்கும் செட்டிங். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பது எரிச்சல்தான், ஆனால் கிட்டுக்கு வெளியே நடக்கும் நாசத்தைக் கிட் திருப்பித் தராது.

வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது. விஎஸ் கோடில் ஏஐ வசதிகளை மொத்தமாக அணைக்க 2025-ல் ஒரு செட்டிங் வந்தது. இன்டெலிஜேயில் ப்ராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் .நோஏஐ என்ற பெயரில் வெறும் கோப்பு ஒன்றை வைத்தால் அங்கே ஏஐ அசிஸ்டன்ட் வாயைத் திறக்காது. இது எனக்குப் பிடித்த வடிவமைப்பு. முடிவு ஒவ்வொருவரின் செட்டிங்ஸில் இல்லாமல் ப்ராஜெக்ட்டிலேயே இருக்கிறது, கமிட் செய்தால் எல்லோருக்கும் பொருந்தும்.

சரி, யார் எதைச் செய்வது?

தனியாளாக வேலை செய்கிறவர் என்றால் விஎஸ் கோட் தானாக ஓடட்டும், இன்டெலிஜே குடும்பத்தில் முதல் திருத்தப் பதிப்பு வந்ததும் மாறுங்கள், மற்றதெல்லாம் அதிக யோசனை. ஐந்து பேருக்கு மேல் ஒரே ப்ராஜெக்ட்டில் இருந்தால் ஐடிஇ பதிப்பை எல்லோருக்கும் ஒன்றாக்கப் பாடுபட வேண்டாம், அது நடக்காது. பில்ட் கருவிகளின் எண்கள், ஃபார்மேட்டர், சொல்யூஷன் அல்லது ப்ராஜெக்ட் கோப்பின் வடிவம் இந்த மூன்றையும் மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டு, ஐடிஇ-யை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஒரேயடியாக நிறுத்தி வைப்பது சில இடங்களில் நியாயம்தான், பழைய சர்வர், தணிக்கைக்கு உட்பட்ட ப்ராஜெக்ட், இரண்டு மாதத்தில் முடிந்துவிடப் போகும் வேலை. ஆனால் நிறுத்துவதற்கு முன் அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை வரும் என்று பாருங்கள். ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பர் 15-ல் மூடினார்கள், மேக்குக்கான விஷுவல் ஸ்டூடியோவை 2024 ஆகஸ்ட் 31-ல் மூடினார்கள், இரண்டுக்குமே முன்னறிவிப்பு பல மாதங்களுக்கு முன்பே வந்தது. அப்படி ஒரு தேதி தெரிந்த பிறகும் அதே கருவியில் புது ப்ராஜெக்ட் தொடங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

படித்துக்கொண்டிருக்கும் மாணவர் என்றால் இந்தக் கட்டுரையில் பாதியை மறந்துவிடலாம். பாடம் நடத்துகிறவர் திரையில் இருக்கும் பதிப்பு எதுவோ அதையே போடுங்கள். மெனு இடம் மாறியிருக்கிறதே என்று வகுப்பு நடுவில் தேடிக்கொண்டிருப்பதை மிச்சப்படுத்தினால் போதும், புதுப் பதிப்பைப் பாடம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.